ஏஜென்சி வழியாகத் தத்து: எங்கிருந்து ஆரம்பிப்பது?

கொடுமுடிக்காரி

வணக்கம். எனக்கு 39 வயது, கணவருக்கு 43. கல்யாணமாகிப் பதினோரு வருடம். ஐ.வி.எஃப். நான்கு தடவை செய்து பார்த்துவிட்டு, போன ஆடியோடு போதும் என்று நிறுத்திவிட்டோம். தத்து எடுக்கலாம் என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே மனது.

குழப்பம் அதற்கப்புறம்தான். ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கும் தெரிந்த அம்மா, "நாலு லட்சம் ரெடி பண்ணுங்க, பிறந்த குழந்தையே வாங்கித் தர்றேன், சர்டிபிகேட்லயே உங்க பேரு இருக்கும்" என்கிறார். மாமியாரோ நாத்தனாரின் இரண்டாவது பையனை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். இணையத்தில் பார்த்தால் காரா, ஏஜென்சி, ஹோம் ஸ்டடி என்று என்னென்னவோ வருகிறது. ஏஜென்சிக்குப் போனால் குழந்தைகளைக் காட்டுவார்களா? எவ்வளவு செலவாகும்? நாங்கள் இருப்பது வாடகை வீடு. அதைச் சொல்லி மறுத்துவிடுவார்களா?

கரூர் ஜவுளிக்காரன்

சகோதரி, முதலில் அந்த நாலு லட்சத்து அம்மாவின் நம்பரை போனிலிருந்து அழித்துவிடுங்கள். 2019இல் ராசிபுரத்தில் குழந்தை விற்றவர்கள் பிடிபட்டது நினைவிருக்கும். சிறார் நீதிச் சட்டத்தில் விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் ஐந்து வருடம் வரை கடுங்காவல் உண்டு. ஜெயிலை விடுங்கள். உங்களை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்த குழந்தையை ஒரு நாள் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போனால்?

இனி எங்கள் கதை. கரூரில் திரைச்சீலை, பெட்ஷீட் தைக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். 2018 ஜூனில் பதிந்தோம், 2021 ஜனவரியில் மகள் வந்தாள். இப்போது மூன்றாம் வகுப்பு.

நானும் உங்களைப் போலத்தான், ஏஜென்சிக்குப் போனால் தொட்டில் தொட்டிலாகக் காட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படிக் கிடையாது. காரா என்பது டெல்லியில் இருக்கும் மத்திய அரசு அமைப்பு. அதன் இணையதளத்தில் பதிந்து, பான் கார்டு, பிறப்புச் சான்று, திருமணச் சான்று, வருமான ஆதாரம், மருத்துவச் சான்று எல்லாம் ஏற்ற வேண்டும். பதியும்போதே பக்கத்திலுள்ள சிறப்பு தத்து மையம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பீர்கள், ஏஜென்சி என்பது இதுதான். அவர்கள் வேலை உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவது, அதுதான் ஹோம் ஸ்டடி. குழந்தை வேறு எங்கோ ஒரு மையத்தில் இருக்கும். எங்களுக்கு அறிக்கை எழுதியது இங்கே, குழந்தை இருந்தது மகாராஷ்டிராவில்.

ஹோம் ஸ்டடிக்கு வருகிறார்கள் என்றதும் என் மனைவி வீட்டுக்கு வெள்ளையே அடித்துவிட்டாள். வந்த அம்மா சுவரைப் பார்க்கவே இல்லை. இரண்டரை மணி நேரம் இருந்தார். என்னைத் தனியாக, அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார். ஐ.வி.எஃப். தோற்ற துக்கம் தீர்ந்ததா, கடன் எவ்வளவு, "நீங்க ஒண்ணும் என் நெஜ அப்பா இல்லை"ன்னு குழந்தை ஒரு நாள் சொன்னா என்ன பண்ணுவீங்க, இப்படி. நாங்களும் அப்போது வாடகை வீடுதான். வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வினை வந்தது என் அம்மா வழியாக. காபி கொடுத்துக்கொண்டே, "எந்தச் சாதிக் கொழந்தைன்னு முன்னாடியே சொல்லிருவீங்களா அம்மிணி?" என்று கேட்டுவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அந்த அம்மா கோபப்படவில்லை. "அதை நாங்க பார்க்கிறதில்லைங்க" என்று சொல்லி ஏதோ குறித்துக்கொண்டார். பத்து நாள் கழித்து மறுபடி வந்து, என் அம்மாவோடு மட்டும் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை இருவரும் சொல்லவில்லை. அதனால் சொல்கிறேன், ஹோம் ஸ்டடிக்கு முன் மாமியாரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அடுத்தது உங்கள் வயதுக் கணக்கு, இதைக் கவனமாகப் பாருங்கள். இரண்டு வயதுக்குள் குழந்தை வேண்டுமென்றால் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85க்கு மேல் போகக் கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயது என்றால் 90, நான்கிலிருந்து எட்டு என்றால் 100. உங்களுக்கு இப்போது 82. ஒரு வருடம் போனால் கூட்டுத்தொகை இரண்டு ஏறும்! காத்திருக்கும்போது மூன்று வருடத்துக்கு ஒரு தடவை தகுதியை மறுபடியும் பார்ப்பார்கள். கைக்குழந்தைக்கு மூன்று வருடத்துக்கு மேலேயே காத்திருப்பவர்கள் ஏராளம். நாடு முழுக்கப் பதிந்து காத்திருப்போர் முப்பதாயிரத்தைத் தாண்டுவார்கள், ஆனால் 2024-25இல் நடந்த தத்தே 4,515தான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 'இரண்டிலிருந்து நான்கு' என்று போடுவேன். நாங்களும் அதைத்தான் போட்டோம்.

ரெஃபரல், அதாவது எங்களுக்கென்று ஒரு குழந்தையின் விவரம், தளத்தில் வந்த அன்று நான் கடையில் நூல் எடை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு குழந்தை. போட்டோ, வளர்ப்புக் குறிப்பு, மருத்துவ அறிக்கை. முடிவு சொல்ல 48 மணி நேரம். வயது மூன்று வருடம் நான்கு மாதம், எடை 11 கிலோ, ஹீமோகுளோபின் குறைவு, 'பேச்சு தாமதம்' என்று ஒரு வரி. அந்த வரி எங்களைத் தூங்கவிடவில்லை. குழந்தைகள் டாக்டரிடம் அறிக்கையைக் காட்டினோம். காட்டலாம், தப்பில்லை. "பத்துக் குழந்தைக்கு ஒரு ஆயா இருக்கிற இடத்தில் யார் அதுகிட்ட பேசியிருப்பா? கூட்டிட்டு வாங்க" என்றார். சரி என்று தளத்தில் அழுத்திவிட்டோம்.

நேரில் போனபோது அவள் என் மனைவியை 'மாவ்ஷி' என்று கூப்பிட்டாள். மராத்தியில் சித்தி. அந்த இல்லத்தில் பார்த்துக்கொண்ட எல்லாப் பெண்களும் அவளுக்கு மாவ்ஷிதான். கரூர் வந்து இரண்டு மாதம் அப்படியேதான் கூப்பிட்டாள், நாங்களும் திருத்தவில்லை. ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பையன் அவன் அம்மாவைக் கூப்பிடுவதைப் பார்த்துவிட்டு, சோதித்துப் பார்க்கிற மாதிரி, மெதுவாக 'ம்மா' என்றாள். அடுப்பில் இருந்த ரசம் பொங்கி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. பேச்சு தாமதமா? இப்போது வாயை மூடச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

பணம்: நாங்கள் கட்டியபோது ஹோம் ஸ்டடிக்கு 6,000, குழந்தை இருந்த மையத்துக்கு 40,000, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்க்கத் தடவைக்கு 2,000, இரண்டு வருடத்துக்கு நான்கு தடவை. இப்போதைய தொகையைத் தளத்தில் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. ரசீது இல்லாமல் 'நன்கொடை' என்று யாராவது கேட்டால் காராவுக்குப் புகார் எழுதுங்கள். எங்களுக்குக் கோர்ட் உத்தரவு வர பத்து மாதம் இழுத்தது. 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டரே உத்தரவு போடுகிறார், அந்த அலைச்சல் உங்களுக்கு இருக்காது.

மதுரை வக்கீல்

மேலே சொன்னது சரி. நாத்தனார் மகன் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன். உங்கள் கணவர் அந்தப் பையனுக்குத் தாய்மாமன், ஆகவே சிறார் நீதிச் சட்டப்படி 'உறவினர்' தத்தாகக் காரா தளத்திலேயே பதியலாம். நீங்கள் இந்துவாக இருந்தால் 1956ஆம் ஆண்டு இந்து தத்துச் சட்டத்திலும் வழி இருக்கிறது. பையனுக்குப் பதினைந்து வயது ஆகியிருக்கக் கூடாது, பெற்றோர் இருவரும் சம்மதித்து நேரில் கொடுத்து வாங்க வேண்டும். பத்திரத்தைப் பதிவு செய்துவிடுங்கள். பின்னால் சொத்துத் தகராறு வந்தால் அதுதான் பேசும். காரா வழியில் ஐந்து வயது தாண்டிய பிள்ளையின் சம்மதமும் வேண்டும். மாமியார் முடிவு செய்துவிட்டார், சரி, பையனை யாராவது கேட்டார்களா?

பாளையங்கோட்டை டீச்சர்

நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள், 42 வயது. 2023இல் பதிந்தேன், இன்னும் காத்திருக்கிறேன். தனிப் பெண்ணும் எடுக்கலாம், ஆணோ பெண்ணோ எந்தக் குழந்தையும். தனி ஆணுக்குத்தான் பெண் குழந்தை தரமாட்டார்கள். ஒரே ஒரு யோசனை: வரிசை எண்ணைத் தினமும் திறந்து பார்க்காதீர்கள். நான் பார்த்துப் பார்த்துச் சோறு இறங்காமல் கிடந்தேன். இப்போது மாதம் முதல் தேதி மட்டும்.

கொடுமுடிக்காரி

எல்லோருக்கும் நன்றி. கரூர் அண்ணா எழுதியதை இவருக்கு வாசித்துக் காட்டினேன், ரசம் வந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். அந்தப் பையனிடம் நேற்று போனில் பேசினேன். "அத்தை, லீவுக்கு வர்றேன், அங்கேயே இருக்க மாட்டேன்" என்றான். மாமியாரிடமும் அதை அப்படியே சொல்லிவிட்டேன். இரண்டிலிருந்து நான்கு என்று இன்று பதியப்போகிறோம். தெரிந்தவர்கள் இரண்டு பேரிடம் கடிதம் கேட்கிறார்கள். பெரிய ஆளாகப் பார்த்து வாங்க வேண்டுமா?

கரூர் ஜவுளிக்காரன்

வேண்டாங்க. எங்களுக்கு ஒன்று வீட்டு ஓனர் கொடுத்தது, இன்னொன்று தெருமுனை மளிகைக் கடைக்காரர். அவர் நான்கே வரிதான் எழுதினார், அதில் ஒரு வரி 'கடன் பாக்கி வைக்க மாட்டார்' என்று.