விற்காத வீட்டை வாடகைக்கு விட்ட கதை

2023 ஜூனில் மதுரை வில்லாபுரத்தில் ஒரு பழைய வீட்டை 32 லட்சத்துக்கு வாங்கினேன். வேலை பார்த்து ஆறே மாதத்தில் விற்றுவிடுவதாகக் கணக்கு. பத்திரச் செலவு 9 சதவீதம், கொத்தனார் முதல் பெயின்டர் வரை ஆறரை லட்சம். அடக்கமே 41 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பார்க்க வந்தவர்கள் வீட்டைப் புகழ்ந்துவிட்டு 40-க்குக் கேட்டார்கள்.

மாதா மாதம் 19,400 ரூபாய் தவணை. வேறு வழியில்லாமல் 2024 பிப்ரவரியில் 11,000 வாடகைக்கு விட்டேன். மீதி 8,400 சம்பளத்திலிருந்து போனது. புரோக்கர், "ஒத்திக்கு விடுங்க சார், ஏழு லட்சம் மொத்தமா வரும்" என்றார். ஒத்தி என்றால் மாத வாடகை கிடையாது; மொத்தமாக வாங்கிய பணத்தைக் கெடு முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். பத்திரம் பேங்க்கில் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

குடி வந்த பிறகுதான் என் வேலையின் லட்சணம் தெரிந்தது. ஃபால்ஸ் சீலிங் போட்ட எனக்குப் பரண் வைக்கத் தோன்றவில்லை. துணி காயப்போட இடமில்லை. வழவழ டைல்ஸில் அந்த வீட்டு அம்மா முதல் வாரமே பாத்ரூம் வாசலில் விழப் பார்த்தார். எல்லாவற்றையும் மாற்ற இன்னொரு 28,000.

2025 ஆகஸ்டில் 47-க்கு விலை போனது. 24 மாதம் தாண்டிவிட்டதால் ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரிதான். முதல் வருஷமே விற்றிருந்தால் சம்பளத்தோடு சேர்த்து 30 சதவீதம் பிடித்திருப்பார்கள். வட்டி, கமிஷன் எல்லாம் போகக் கையில் நின்றது ஒன்றரை, இரண்டு லட்சம்.

—

அண்ணே, உங்கள் கதையைப் படித்தேன். நான் அந்த ஒத்தி வம்பில் மாட்டியவன். என் வீட்டின் மேல் பேங்க் லோன் இல்லை, கைமாற்றுக் கடன்தான். மூன்று வருஷ ஒத்திக்கு எட்டு லட்சம் வாங்கிக் கடனை அடைத்தேன். நிம்மதியாகத் தூங்கினேன். பதினான்காவது மாதம் நல்ல விலைக்கு ஆள் வந்தார். ஒத்தியைப் பதிவு செய்திருந்ததால் வில்லங்கச் சான்றில் அது இருந்தது. அதை ரத்து செய்தால்தான் லோன் என்று அவருடைய பேங்க்கில் சொல்லிவிட்டார்கள். குடியிருந்தவரோ, பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வாங்க வந்தவர் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த தெருவில் வாங்கிவிட்டார். வீடு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.