ப்ளே ஸ்கூல் மிஸ் வேலைன்னா சும்மாவா? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

"சின்னப் பசங்களோட விளையாடிட்டு சம்பளம் வாங்குறீங்க, குடுத்து வெச்சவங்க"ன்னு சொல்றவங்கள ஸ்கூல் திறந்த முதல் வாரம் காலைல எங்க வாசல்ல கொண்டு வந்து நிக்க வெக்கணும். ஒண்ணு அழ ஆரம்பிச்சா போதும், அதுவரைக்கும் சமத்தா பிளாக் அடுக்கிட்டு இருந்ததும் சேர்ந்து அழும். ஆனா எங்கிட்ட வந்த ஒரு மூணு வயசுப் பையன் அழவே இல்ல, அதான் எனக்குக் கவலையே. அவன் பொம்மைய பாக்குற கேப்ல அவங்கம்மா நைசா நழுவிட்டாங்க. அதுக்கப்புறம் முதுகுல மாட்டுன பேக்க கழட்டவே விடல, கதை சொல்லும்போது எல்லாரும் என் பக்கம் திரும்பி உக்காந்தா இவன் மட்டும் கதவு பக்கம். கண்ண எடுத்தா ஆளு காணாமப் போயிடுவாங்கன்னு புரிஞ்சு வெச்சிருக்கான், வேறென்ன.

இந்தப் பிரிவு பயம் எட்டு மாசம் வாக்குல ஆரம்பிச்சு ஒண்ணு, ஒன்றரை வயசுல உச்சத்துக்குப் போய் அப்புறம் மெல்ல குறையும், ஆனா புது இடம் புது முகம்னா மூணு வயசுலயும் திரும்பத் தலைதூக்கும், அது நார்மல்தான். அவங்கம்மாகிட்ட சொன்னேன், அழுதாலும் பரவால்ல சொல்லிட்டுப் போங்க, "பன்னெண்டரைக்கு வரேன்"னா அவனுக்கு ஒண்ணும் விளங்காது, "சாப்ட்டு கதை கேட்டு முடிச்சதும் வந்துருவேன்"னு சொல்லுங்க, ஒரு முத்தம், அப்புறம் நடைய கட்டுங்க. மறுநாள் பயங்கர அழுகை (வெளிய அவங்கம்மா அதவிட). அப்புறம் கொஞ்ச நாள்ல பேக் முதுகுல இருந்து இறங்கி நாற்காலிக்கு அடில வந்துச்சு, கை எட்டுற தூரத்துல. அது போதும்னு நானும் விட்டுட்டேன்.

---

அழுகை கூட சமாளிச்சிரலாம் மிஸ், இந்த "இன்னும் எழுதவே வெக்கலயா"தான் என்னால முடியல. ஒரு பாப்பாவோட தாத்தா வாரா வாரம் நோட்ட பொரட்டிப் பாத்துட்டு, விளையாடத்தான்னா வீட்லயே விளையாடுவாளேன்னு கேப்பாரு. எழுதற கையே இன்னும் முழுசா வளரல, மணிக்கட்டுல இருக்குற எட்டு எலும்பும் பொறக்கும்போது குருத்தெலும்பாத்தான் இருக்கும், மூணு வயசுல எக்ஸ்ரே எடுத்தா ரெண்டு மூணுதான் தெரியும், கடைசி எலும்பு தெரியறதுக்குள்ள எட்டு பத்து வயசு ஆயிடும். இத வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப் போய் ஒரு நாள் அவரையே உள்ள கூப்ட்டு உக்கார வெச்சேன். பேத்தி துணிக் கிளிப்ப அட்டை ஓரத்துல வரிசையா மாட்டிட்டு இருந்தா. முதல்ல முழுக் கையால அமுக்கிப் பாத்தா, கிளிப் தெறிச்சு ஓடுச்சு. அப்புறம் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூணும் சேர்ந்துச்சு, நாக்கு ஒரு ஓரமா வெளிய வந்துச்சு, மாட்டிட்டா. நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போறது இதே மூணு விரல்தான் ஐயான்னேன். அவரு ஒண்ணும் பேசல, ஒரு கிளிப்ப எடுத்து அவரும் மாட்டுனாரு. அடுத்த வாரம் மறுபடி நோட்டு கேட்டாருங்கறது வேற கதை.

மாவு பிசையறது, பேப்பர் கிழிக்கறது, சுவத்துல பெருசா கிறுக்கறது எல்லாமே எழுத்து வேலைதான், தோள்பட்டைக்குத் தெம்பு வந்தாதான் விரல் நம்ம சொல் பேச்சு கேக்கும்.

---

நான் ரெண்டு வயசு பேட்ச். எங்க பிரச்சனை கடி. ஒருத்தன் தினமும் யாரையாவது கடிச்சு வெப்பான், எல்லாரும் "அடம்"னு முடிவு பண்ணிட்டாங்க. நான் ஒரு நோட்டுல எப்ப, எங்க, பக்கத்துல யாருன்னு மட்டும் குறிச்சு வெச்சேன். பாத்தா முக்காவாசி கடி சாப்பாட்டுக்கு முன்னாடி கை கழுவ கூட்டமா நிக்கும்போதுதான். பசி, நெரிசல், "தள்ளு"ன்னு சொல்ல வாய்ல வார்த்தை இல்ல, பல்லுதான் இருக்கு. ரெண்டு ரெண்டு பேரா அனுப்ப ஆரம்பிச்சோம், "நகரு"ன்னு கைய காட்டிச் சொல்லக் கத்துக்குடுத்தோம், கடி நல்லாவே குறைஞ்சிருச்சு.

அதே மாதிரி இந்த வயசுல "ஷேர் பண்ணு ஷேர் பண்ணு"ன்னு கத்துறதுல பிரயோஜனம் இல்ல. குழந்தைங்க எப்டி விளையாடுதுன்னு ஆராய்ச்சி பண்ணுன மில்ட்ரெட் பார்ட்டன்னு ஒரு அம்மா 1932லயே எழுதி வெச்சுட்டாங்க, இந்தக் குட்டிங்க பெரும்பாலும் பக்கத்துல பக்கத்துல தனித்தனியாத்தான் விளையாடும், சேர்ந்து விளையாடறது அப்புறமாத்தான் வரும்னு. ஒரே மாதிரி கார் ரெண்டு வாங்கிப் போடுங்கன்னு மேனேஜ்மெண்ட்ட கேட்டா "ஒண்ணு இருக்கே மிஸ்"ங்கறாங்க.

---

கடிச்சது யாருன்னு பேரு கேட்டு நிக்கிற பேரண்ட்ஸ விட்டுட்டீங்களே. நாங்க யாருக்கும் பேரு சொல்றதில்ல, காயம் எப்டி, என்ன மருந்து போட்டோம், இனிமே என்ன பண்ணப்போறோம்னு மட்டும்தான் சொல்வோம். ரகசியம் காக்குறோம்னு நாங்க நெனச்சுட்டு இருப்போம், கடிபட்டது கேட் தாண்டறதுக்குள்ள கைய நீட்டி ஆளக் காட்டிரும்.