'கலத் தற்கொலை' வேண்டாம், 'கலவுதிர்வு' என்று எழுதுவோம்

பழுதான அல்லது வேண்டாத கலம் (செல்) ஒழுங்காகத் தானே மடிவதை ஆங்கிலத்தில் 'அப்பொப்டோசிஸ்' என்பார்கள். புற்றுநோயாளருக்கான நம் துண்டுப்பிரசுரத்தில் அதற்குத் தமிழில் 'கலத் தற்கொலை' என்றே வைத்துக்கொள்வோம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பத்திரிகைக் கட்டுரைக்கு அது எடுப்பாக இருக்கும், சரி. ஆனால் வவுனியாவிலிருந்தும் அட்டனிலிருந்தும் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு வந்து விறாந்தையில் காத்திருக்கிற ஒருவர் கையில் கொடுக்கிற துண்டுப்பிரசுரத்தில், "உங்கள் கலங்கள் தற்கொலை செய்யாததால்தான் கட்டி வந்தது" என்று எழுத முடியுமா? போன கிழமை அந்த வசனத்தை எழுதிப் பார்த்தேன், எழுதின கையோடு வெட்டிவிட்டேன்.

மூலச் சொல்லையே பாருங்கள். 1972இல் கெர், வைலி, கரி மூவரும் 'அப்பொப்டோசிஸ்' என்று பெயர் வைத்தபோது, அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கோர்மக்கிடம் கேட்டுத்தான் எடுத்தார்கள். பூவின் இதழோ மரத்தின் இலையோ உதிர்வதுதான் அதன் பொருள். அதில் கொலை எங்கே இருக்கிறது?

வெள்ளவத்தையில் எங்கள் மதிலோரம் ஒரு பலா நிற்கிறது. பழுத்த இலை விழுந்த இடத்தைத் தொட்டால் காய்ந்த தழும்புதான், விரலில் ஒன்றும் ஒட்டாது. பச்சை இலையை முறித்தால் பால் வடிந்து கையெல்லாம் பிசுபிசுக்கும். கலத்திலும் இதே வித்தியாசம்தான். உதிர்கிற கலம் சுருங்கி, சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, பக்கத்துக் கலங்களால் விழுங்கப்படும், அழற்சி வராது. குருதியோட்டம் நின்று சாகிற கலமோ வீங்கி வெடித்து, உள்ளிருப்பதைக் கொட்டி இழையத்தைப் புண்ணாக்கும். அந்தச் சாவுக்கு (நெக்ரோசிஸ்) 'நசிவு' என்ற சொல் ஏற்கனவே நன்றாகப் பொருந்துகிறது, அதைத் தொட வேண்டாம்.

இனிக் குருத்துக்கலம், அதாவது மற்றக் கலங்கள் பிறக்கிற மூலக் கலம் (ஸ்டெம் செல்). காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பார்கள். இங்கே குருத்தே கெட்டுப்போனால் அதுவும் விழ வேண்டும். குடலின் உட்பூச்சுக் கலம் சில நாட்களில் கழன்றுவிடும், அதிலிருந்த பிழையும் கூடவே போய்விடும். குருத்துக்கலம் நெடுங்காலம் இருந்து பிரிந்துகொண்டே இருப்பது, ஆகவே பிழையோடு நின்றுவிட்டால் வாரிசுக் கலங்களுக்கெல்லாம் அந்தப் பிழை போகும், அடுத்த பிழை அதன்மேல் ஏறும். உதிர்வை நடத்துவது காஸ்பேஸ் என்ற நொதியங்கள். எக்ஸ்.ஐ.ஏ.பி. என்ற புரதம் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது, ஆர்ட்ஸ் என்ற புரதம் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. ரொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஹேர்மன் ஸ்டெல்லரின் குழு 2010இல் காட்டியபடி, ஆர்ட்ஸ் இல்லாத எலிகளில் குருதிக் குருத்துக்கலங்கள் பெருகின, சாகச் சொல்லும் சைகைக்கு மசியவில்லை, புற்றுக்கு ஏற்கனவே சாய்வுள்ள எலிகளில் கட்டியும் விரைவாக வந்தது.

உதிர வேண்டிய கலம் இப்படி உதிராமல் நிற்கிற நிலைக்கு 'உதிராமை' என்ற சொல் போதாது. நல்ல நரம்புக் கலமும் உதிராமல்தான் பல வருடம் இருக்கிறது. 'உதிர்வுத் தடை' என்றால் எதுவோ பிடித்து வைத்திருக்கிறது என்பதும், அதை விலக்கலாம் என்பதும் சொல்லிலேயே வந்துவிடும். பிசிஎல்-2 என்ற இன்னொரு தடைப் புரதத்தை விலக்குகிற வெனெட்டோகிளாக்ஸ் என்ற குருதிப் புற்று மருந்து 2016 முதல் பாவனையில் இருக்கிறதே.

முடி உதிர்வோடு குழம்பும் என்று அக்கா ஒருவர் சொன்னதுதான் என்னை உண்மையில் யோசிக்க வைத்தது. புற்றுக்கு மருந்தேற்றிக்கொள்கிற நோயாளிக்கு உதிர்வு என்றால் தலைமயிர்தான் நினைவுக்கு வரும். அதனால் 'உதிர்வு' என்று தனியே எங்கும் விடக்கூடாது, எப்போதும் 'கலவுதிர்வு', 'கலவுதிர்வுத் தடை' என்று முழுதாகத்தான் எழுத வேண்டும். அப்படியும் குழம்பும் என்றால் 'கலமடிவு' எனக்குச் சம்மதம். பிரசுரம் அச்சுக்குப் போக முன்னர் சொல்லுங்கள்.