சிஎன்சி படிக்க வருபவருக்கு முதல் நான்கு மாதம் கை லேத் தேவையா?

சிங்கிள்பிளாக்:
ஒரு வருட சிஎன்சி (கணினி புரோகிராமில் ஓடும் கடைசல் மெஷின்) பயிற்சியில் முதல் நாலு மாசத்தைக் கை லேத்துக்கும் (கையால் ஓட்டும் கடைசல் மெஷின்) அரத்துக்கும் கொடுக்கிறது வீண். கை லேத்தில் பாதி நேரம் பேக்லாஷைச் (திருகுக்கும் நட்டுக்கும் இடையிலான தளர்வை) சமாளிக்கவே போயிடும். ஹேண்டிலை ஒரே திசையில் சுத்தி அளவுக்கு வரணும், தாண்டிட்டா பின்னால போய் மறுபடி ஏறணும். அந்தத் தளர்வு இல்லாத பால் ஸ்க்ரூ (குண்டுகள் உருளும் திருகு) வெச்ச சிஎன்சி மெஷினில் இந்தக் கைப்பழக்கத்துக்கு வேலையே இல்லை. அந்த நாலு மாசத்தில் வொர்க் ஆஃப்செட் (ஜாப், அதாவது வெட்டப்படும் பொருளின், பூஜ்ஜியப் புள்ளி), டூல் ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தம்), டூல் நுனியின் ஆரத்தை ஈடுகட்டும் ஜி41, ஜி42 கட்டளைகள், பாதியில் நின்ன புரோகிராமை எந்த வரியிலிருந்து பாதுகாப்பா ஓட்டணும் என்பதெல்லாம் பழகிடலாம். வேலை கொடுக்கிறவங்க கேட்கிறதும் இதைத்தான்.

நான்குதாடை:
பேக்லாஷ் மட்டும்தான் அங்கே பாடமா? வெட்டு எப்படி நடக்குதுன்னு கைக்கும் காதுக்கும் தெரியறது கை லேத்தில்தான். 20 மி.மீ. போரிங் பாரை (துளைக்குள் வெட்டும் டூலின் தண்டை) 60 மி.மீ. வெளியே விட்டா அமைதியா வெட்டும். அதையே 120 விட்டா அதே விசைக்கு எட்டு மடங்கு வளையும், ஏன்னா வளைவு நீளத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுது. பார் எப்போ அதிர ஆரம்பிக்குதுன்னு ஹேண்டில் பிடிச்ச கையில் தெரியும். கதவை மூடி கூலன்ட் பீய்ச்சற மெஷினில் தெரியாது, ஜாப் வெளியே வந்த பிறகு அலை அலையா தெரியும்.

வேகமும் அப்படித்தான். 1000 × வெட்டு வேகம் ÷ (3.14 × விட்டம்) போட்டு நிமிடச் சுற்றைக் கண்டுபிடிச்சு கியர் மாத்திப் பழகினவர் ஜி96-ஐப் (வெட்டு வேகம் மாறாம சுற்றைத் தானே ஏத்தற கட்டளை) பார்த்ததும் உஷாராயிடுவார். நிமிடத்துக்கு 200 மீட்டர்னு கொடுத்து முகம் (ஜாப்பின் முன்பக்கத்தை நடுவை நோக்கி) வெட்டினா, 50 மி.மீ. விட்டத்தில் சுமார் 1270 சுற்று, 10 மி.மீ. வரும்போது 6370. ஜி50 கட்டளையில் உச்ச சுற்று வரம்பு போடலைன்னா மெஷினின் உச்சம் வரைக்கும் ஏறும். வேகம் ஏற ஏற, ஜாப்பைப் பிடிக்கும் சக்கின் தாடைகள் வெளியே இழுபட்டுப் பிடி தளரும். ஜாப் பறக்கிறது அப்படித்தான்.

சிங்கிள்பிளாக்:
ஜி50-ஐ சிஎன்சி பாடத்தின் முதல் வாரத்திலேயே சொல்லிடலாம், அதுக்கு கை லேத் எதுக்கு? கை லேத் பழக்கம் சில இடத்தில் கெடுதலே செய்யும். கடைசியில் 0.05 மி.மீ. விட்டு வெச்சுச் சுரண்டுவாங்க. 0.8 நுனி ஆரமுள்ள கார்பைடு இன்சர்ட்டுக்கு (மாத்தக்கூடிய வெட்டு முனைக்கு) 0.05 ஆழம் கொடுத்தா அது வெட்டாது, தேய்க்கும். ஜாப் தள்ளிக்கொடுக்கும், ஒவ்வொரு பீஸும் ஒரு அளவில் வரும். பக்கத்துக்கு 0.3 முதல் 0.5 வரை விட்டு ஒரே மூச்சில் எடுக்கணும்.

அதே மாதிரி ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலில் 30 மீட்டரில் பழகினவர் கார்பைடையும் பயந்து மெதுவா ஓட்டுவார். மைல்டு ஸ்டீல் முனையில் ஒட்டி ஏறி, மேற்பரப்பைக் கிழிச்சிடும். ஃபினிஷ் வேணும்னா பார்க்க வேண்டியது ஃபீடு (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்). ஃபீடின் வர்க்கத்தை நுனி ஆரத்தின் எட்டு மடங்கால் வகுங்க. 0.8 நுனியில் 0.2 ஃபீடுக்கு மேடுபள்ளம் 6 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேலே, 0.1 ஃபீடுக்கு ஒன்றரை மைக்ரான்.

மைக்ரான்:
ரெண்டு பேரும் மெஷினையே பேசறீங்க. எதில் வெட்டினாலும் ஜாப் தேறுதா இல்லையான்னு சொல்றது அளவுதான், அதுக்கு ஒரு வாரம்கூட யாரும் ஒதுக்கலையே! 100 மி.மீ. தண்டுக்கு எச்6 என்ற துல்லிய வகுப்பில் அளவு விலக அனுமதி பூஜ்ஜியத்திலிருந்து மைனஸ் 0.022 வரை. மெஷினிலிருந்து 40 டிகிரி சூட்டில் எடுத்து அளந்தா சரியா 100.000 காட்டும், ஓகேன்னு தட்டில் வைப்பாங்க. அளவுகளுக்கு அடிப்படை 20 டிகிரி. அதுக்கு ஆறினதும் எஃகு 0.023 சுருங்கிடும், தண்டு எல்லைக்கு வெளியே. புரோகிராமில் தப்பில்லை, மெஷினிலும் தப்பில்லை.

இன்னொண்ணு, மெல்லிய புஷ் (குட்டைக் குழாய்). மூணு தாடை சக்கில் இறுக்கி உள்விட்டம் போரிங் பண்ணினா, பிடியில் இருக்கும்வரை வட்டம். தளர்த்தினதும் மூணு மூலையா விரியும். கொடுமை என்னன்னா, ரெண்டு புள்ளியில் தொடுற போர் கேஜில் எந்தப் பக்கம் அளந்தாலும் ஏறக்குறைய ஒரே விட்டம்தான் காட்டும். மூணு புள்ளி கேஜ் வெச்சு 60 டிகிரி திருப்பிப் பார்த்தாத்தான் பிடிபடும். அந்த அளவுக்கே கடைஞ்ச சாஃப்ட் ஜாவில் (மிருதுவான தாடையில்), குறைஞ்ச அழுத்தத்தில் பிடிக்கணும். இதெல்லாம் தெரியாம 25 எச்7 துளையை வெர்னியரில் பார்க்கிறவங்க இருக்காங்க. அனுமதியே 0.021, வெர்னியர் காட்டுற மிகச் சிறிய அளவு 0.02!

நான்குதாடை:
அளவைக்கு முதல் மாசத்தையே கொடுங்க, முழுசா ஒத்துக்கறேன். கை லேத்தை ஆறு வாரமா குறைச்சுக்கலாம், ஆனா நாலு தாடை சக்கை (ஒவ்வொரு தாடையும் தனியா நகரும் சக்) விடக் கூடாது. ஜாப்பைச் சுத்தும்போது டயல் இண்டிகேட்டர் முள் 0.40 ஆடினா ஜாப் விலகியிருக்கிறது 0.20, எதிர்த் தாடையைத் தளர்த்தி அந்தப் பாதியை மட்டும் தள்ளணும். 0.02-க்குள்ள கொண்டுவரப் பழகினவருக்கு எந்தப் பிடியும் பயமில்லை.

சிங்கிள்பிளாக்:
மூணு வாரம், அதுக்கு மேல வேண்டாம். நீங்க சொன்ன அந்தப் 'பாதி'யே சிஎன்சியில் தப்புக்கு வழி. விட்டம் 25.03 வந்திருக்கு, 25.00 வேணும்னா எக்ஸ் ஆஃப்செட்டில் மைனஸ் 0.03 முழுசா போடணும், அங்கே கணக்கு விட்டத்தில். கை லேத்திலேயே சில கிராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) டயல் ஆரத்தில் இருக்கும், சிலது விட்டத்தில்.

நான்குதாடை:
அதனாலதான் புது மெஷினில் நின்னதும், டயலில் 0.5 கொடுத்து ஒரு கட் எடுத்து, விட்டம் 0.5 குறைஞ்சதா 1 குறைஞ்சதான்னு மைக்ரோமீட்டரில் பார்க்கச் சொல்றோம். மூணு வாரத்தில் இது வந்துடும்னா மூணு வாரமே போதும்.