நெருப்பு வந்தபோது புள்ளி இல்லை, புள்ளி வந்தபோது நெருப்பு இல்லை

ஹோவிக் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் ஹோவிக்கிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி மாமனாரின் நிலம், 12 ஹெக்டேர், பாதியில் காய்கறி, மீதி வெறும் புல்மேடு. போன செவ்வாய் மதியம் மூன்று மணி வாக்கில் மேட்டுக்குப் பின்னால் புகை தெரிந்தது. உடனே போனில் நாசாவின் ஃபர்ம்ஸ் தீ வரைபடத்தைத் திறந்தேன், எங்கள் பக்கம் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. சரி, எங்கோ தூரத்தில் என்று நினைத்து, காயப்போட்ட துணியைக்கூட எடுக்கவில்லை. நாலரைக்கு நெருப்பு வேலியில் நிற்கிறது! பக்கத்துப் பண்ணை ஆட்கள் பக்கி என்ற சின்ன லாரியில் தண்ணீர்த் தொட்டியோடு வந்து, ரப்பர் மட்டையால் அடித்து அணைத்தார்கள். ஆறு மணிக்கு முடிந்தது. ஒரு கோழிக்கூடு போயிற்று, கோழிகள் பிழைத்தன.

மறுநாள் காலை பார்த்தால் வரைபடத்தில் புள்ளி இருக்கிறது, அதுவும் எங்கள் முட்டைக்கோஸ் பாத்தி நடுவில். அங்கே ஒரு இலைகூடக் கருகவில்லை. இந்த வரைபடத்தை நம்பலாமா, கூடாதா? இன்னொன்று, மேட்டைப் பருவம் பார்த்து நாமே எரித்துவிட வேண்டும் என்கிறார் மாமனார், அது மண்ணுக்குச் செய்யும் பாவம் என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?

பிரிட்டோரியா தம்பி:

அக்கா, செயற்கைக்கோள் படங்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த வரைபடத்துக்குப் புள்ளி தரும் செயற்கைக்கோள் உங்கள் வீட்டுக்கு மேலேயே நிற்பதில்லை. நெருப்பின் சூட்டைப் பார்க்கும் விர்ஸ் என்ற கருவி இருக்கும் செயற்கைக்கோள்கள் மதியம் ஒன்றரை வாக்கில் ஒரு தடவை, நள்ளிரவு தாண்டி ஒன்றரை வாக்கில் ஒரு தடவை நம்மைக் கடக்கும். உங்கள் நெருப்பு மூன்றுக்குத் தொடங்கி ஆறுக்கு முடிந்தது. பஸ் போன பிறகு ஸ்டாப்புக்கு வந்த கதைதான். அப்படியே கடக்கும்போது எரிந்திருந்தாலும் புள்ளி வரைபடத்தில் ஏறச் சுமார் மூன்று மணி நேரம் ஆகலாம், அதற்குள் புல் நெருப்பு எத்தனை வேலி தாண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

நகராமல் நின்று 15 நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும் மீட்டியோசாட் என்ற செயற்கைக்கோள் இருக்கிறது, ஆனால் அது 36,000 கிலோமீட்டர் உயரத்தில். அதன் படத்தில் ஒரு கட்டமே 3 கிலோமீட்டர். உங்கள் மேடு மாதிரிச் சின்ன நெருப்பு அதற்குள் கரைந்துவிடும். இங்கே தென்னாப்பிரிக்க ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர் ஆட்கள் எஸ்காம் மின்சார நிறுவனத்தோடு சேர்ந்து 2004-இல் ஏஃபிஸ் என்று ஓர் எச்சரிக்கை முறை தொடங்கியது பெரிய மின்கம்பிகளுக்காக. கம்பிக்குக் கீழே புல் எரிந்தால் புகையும் சூட்டுக்காற்றும் வழியாக மின்சாரம் தாவி லைன் விழுந்துவிடும். நெருப்பு தெரிந்தால் எஸ்.எம்.எஸ் போகும்.

முட்டைக்கோஸ் விஷயம்: விர்ஸின் ஒரு கட்டம் 375 மீட்டர். கட்டத்தின் எந்த மூலையில் எரிந்தாலும் புள்ளியை நடுவில்தான் வைப்பார்கள். பாத்திக்கு இருநூறு மீட்டருக்குள் இரவு ஒன்றரைக்கு ஏதாவது கனன்றுகொண்டிருந்ததா?

ஹோவிக் மருமகள்:

ஐயோ, ஆமாம் தம்பி! பாத்திக்கு வடக்கே வெட்டிப்போட்ட வாட்டில் அடிக்கட்டைகள், ஊட்டியில் சீகை என்பார்களே அந்த மரம். விடிய விடியப் புகைந்தது, மாமனார் காலையில்தான் தண்ணீர் ஊற்றினார்.

பிரிட்டோரியா தம்பி:

அதேதான். மேடு எவ்வளவு எரிந்தது என்று தெரிய சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள், ஐந்து நாளைக்கு ஒரு தடவை வரும், மேகம் இல்லாவிட்டால் கருந்தழும்பு வேலி வரை பளிச்சென்று தெரியும். வரைபடத்துப் புள்ளி நேற்றைய நியூஸ்பேப்பர். எந்த மாதம், எந்தச் சரிவு, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பழைய வருஷங்களைப் புரட்டிப் பார்க்க அருமையானது.

டோங்காட் கரும்பு:

நடுவில் ஒரு வார்த்தை. சீசனில் வடக்குக் கடற்கரை முழுக்க அம்மை போட்டதுபோல் புள்ளியாக இருந்தால் பயப்படாதீர்கள், வெட்டுக்கு முன் கரும்புத் தோகையை எரிக்கிறோம். ஒரு வயல் பதினைந்து இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும், பாதி வயல்கள் வானத்துக்குத் தெரிவதே இல்லை. என் தாத்தா காலத்திலிருந்து இதே கதைதான், அவருக்குச் சாட்டிலைட் இல்லை, காற்று எந்தப் பக்கம் என்று ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்ப்பார்.

மட்டைக்காரன்:

அம்மா, நான் இங்கே தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் இருக்கிறேன். வரைபடத்தை மூடிவிட்டுப் புல்லையும் காற்றையும் பாருங்கள். பனி விழுந்து காய்ந்த புல் குச்சி மெலிசு, காற்றின் ஈரம் மாறினால் ஒரு மணி நேரத்துக்குள் அதுவும் மாறும். காலை ஏழு மணிக்கு மூன்று தீக்குச்சி கிழித்தாலும் பிடிக்காத அதே கொத்து, மதியம் இரண்டு மணிக்கு ஒரு பொறிக்குக் காத்திருக்கும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் பெர்க் காற்று வரும் நாள் தனி. உள்நாட்டு மேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்கும் காற்று, இறங்க இறங்கச் சூடாகும், காயும். குளிர்காலத்தில் திடீரென்று சட்டை கழற்றும் வெயில் அடித்தால் அதுதான். ஆனால் ஆளைக் கொல்வது அதற்கு அப்புறம். பின்னாலேயே குளிர் முகப்பு, அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு வந்து காற்று தென்மேற்குக்குத் திரும்பும். அதுவரை வடமேற்குக் காற்றில் நீளமாக ஓடிய நெருப்பின் பக்கவாட்டு முழுக்க ஒரே நிமிஷத்தில் முன்முகமாகிவிடும். அந்தப் பக்கம் மட்டையோடு நிற்பவன் எரிந்து முடிந்த கருப்புத் தரைக்குள் போய்விட வேண்டும், புல் இருக்கும் பக்கம் ஓடக் கூடாது. மேட்டில் ஏறித் தப்பவும் பார்க்காதீர்கள், நெருப்பு ஏற்றத்தில்தான் வேகமாக ஓடும்.

தினம் வரும் தீ அபாயக் குறியீடு குறைவிலிருந்து கூடுதலாக நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று இருக்கும். ஆரஞ்சு என்றால் எங்கள் வீட்டில் பிராய், அதாவது வெளியே அடுப்பு மூட்டிக் கறி சுடுவதுகூடக் கிடையாது, என் பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

மாமனார், கணவர் இருவருமே பாதி சரி. பீட்டர்மாரிட்ஸ்பர்க் உகுலிங்கா பண்ணையில் 1950 முதல் பாத்தி பாத்தியாக எரித்தும் எரிக்காமலும் பார்த்து வருகிறார்கள். எரிக்காமலே விட்ட பாத்திகளில் மரம் ஏறிவிட்டது, நம் சிவப்புப் புல் போய்விட்டது. புல்லின் மொட்டு மண்ணை ஒட்டி இருப்பதால், சில விநாடிகளில் தாண்டிப் போகும் தீ அதை ஒன்றும் செய்யாது. எரித்த கையோடு மாட்டை விட்டுத் தளிரைக் கடிக்க வைத்தால்தான் நிலம் கெடும். டிராகன்ஸ்பெர்க் மலைக் காப்பகத்தில் நெடுங்காலம் வசந்தத்தை ஒட்டி இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எரித்தார்கள். அமெரிக்காவில் கான்சாஸ் புல்வெளிக்காரர்களும் ஏப்ரல் வாக்கில் இதையே செய்கிறார்கள். அங்கேயும் நாமாக வைக்காத தீ பிடித்தால் கதை வேறு, 2024 பிப்ரவரி கடைசியில் டெக்சாஸில் பிடித்த ஒரே தீ 10 லட்சம் ஏக்கருக்கு மேல் தின்றது.

ஹோவிக் மருமகள்:

அப்படியென்றால் அடுத்த வருஷம் நாங்களே எரிக்கலாமா, ஐயா?

மட்டைக்காரன்:

தனியாக வேண்டவே வேண்டாம். 1998-ஆம் ஆண்டின் 101-ஆம் எண் புல்வெளி, காட்டுத் தீச் சட்டப்படி எல்லையில் தீத்தடுப்புக் கோடு போட வேண்டியது உங்கள் கடமை. புல் பச்சையாக இருக்கும்போதே, மார்ச் ஏப்ரலில், இரண்டு வரிசை புல் சாக மருந்தடித்தோ வெட்டியோ வைத்துக்கொண்டு, பனி விழுந்த பிறகு காற்றில்லாத நாளில் அந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் எரிப்பார்கள். முதலில் உங்கள் வட்டாரத் தீப் பாதுகாப்புச் சங்கத்தில் சேருங்கள். உறுப்பினராக இல்லாதவர் நிலத்திலிருந்து தீ பக்கத்துக்குப் போய் வழக்கு வந்தால், கவனக்குறைவு என்றே கோர்ட் தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. அன்றைக்குத் தண்ணீர்த் தொட்டியோடு வந்த பக்கத்துப் பண்ணைக்காரரைக் கேளுங்கள், அநேகமாக அவர் உறுப்பினராகத்தான் இருப்பார். அப்புறம் அந்த அடிக்கட்டைகளை இன்னொரு தடவை தோண்டிப் பாருங்கள், வாட்டில் வேர் மண்ணுக்குள் ஒரு வாரம் கூடக் கனலும்.