சப்ஸ்ட்ரேட்டம் = முன்படிவு: ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளை வைத்து ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வரலாற்று மொழியியலில் வழங்கும் 'சப்ஸ்ட்ரேட்டம்' என்னும் சொல்லுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த உரையாடல் இழையில் 'மூலமொழி', 'அடித்தள மொழி', 'கீழ்மொழி' ஆகிய மூன்றும் முன்மொழியப்பட்டுள்ளன. ஒரு மக்கள் கூட்டம் தன் மொழியை விட்டு வேறொரு மொழிக்கு மாறும்போது, விடப்பட்ட மொழியின் ஒலிகளோ சொற்களோ தொடரமைப்போ புதிய மொழிக்குள் தங்கிவிடுமானால், அந்தப் பழைய மொழியே சப்ஸ்ட்ரேட்டம். 'மூலமொழி' மொழிபெயர்ப்புத் துறையில் வேறு பொருளில் (எந்த மொழியிலிருந்து பெயர்க்கிறோமோ அந்த மொழி) நிலைத்துவிட்டதால் அதை விட்டுவிடலாம். மற்ற இரண்டையும் ஓர் உண்மையான நிலப்பகுதியில் பொருத்திப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

அதற்கு நான் தேர்வது ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகள். ஒரே மண்ணில் இரண்டு ஜெர்மானிய மொழிகள் அடுத்தடுத்து வேரூன்றிய இடம் அது. அவற்றுக்கு முன் அங்கு வாழ்ந்தவர்கள் பிக்ட் மக்கள். 9-ஆம் நூற்றாண்டளவில் நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்களின் 'நார்ஸ்' என்னும் வட ஜெர்மானியப் (ஸ்காண்டிநேவியப்) பேச்சு பரவி, பின்னர் 'நார்ன்' என்று பெயர் பெற்றது. 1468-இல் டென்மார்க், நார்வே நாடுகளின் அரசர் முதலாம் கிறிஸ்டியன் தம் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் ஜேம்ஸுக்கு மணமுடித்துக் கொடுக்க இசைந்தபோது, சீர்ப்பணத்துக்கு ஈடாக ஆர்க்னியையும், மறு ஆண்டில் ஷெட்லாந்தையும் அடகு வைத்தார். அடகு மீட்கப்படவே இல்லை. எனினும் இந்த ஓர் ஒப்பந்தத்தால் மொழி மாறியதாகக் கொள்வது தவறு. 1379-இலேயே ஹென்றி சின்கிளேர் என்னும் ஸ்காட்டியப் பிரபு நார்வே அரசரின் கீழ் ஆர்க்னியின் ஆட்சித்தலைவராகிவிட்டார். நிலமும் வழக்கும் திருச்சபையும் மெல்ல மெல்ல ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுடைய ஸ்காட்ஸ் மொழி பேசுவோர் கைக்குச் சென்றன. 1560-இன் சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் நார்ன் மொழியில் மறைநூல் அச்சாகவில்லை. வீட்டிலும் படகிலும் மட்டும் எஞ்சிய நார்ன் 18-ஆம் நூற்றாண்டில் மங்கிவிட்டது. 1774-இல் ஜார்ஜ் லோ என்னும் பாதிரியார் ஷெட்லாந்தைச் சேர்ந்த ஃபூலா தீவில் வில்லியம் ஹென்றி என்ற முதியவர் சொல்லக் கேட்டு, தமக்கு அம்மொழி தெரியாமலேயே காதில் விழுந்தபடி எழுதிவைத்த 35 செய்யுள் கொண்ட கதைப்பாடல்தான் நமக்குக் கிடைத்துள்ள மிக நீண்ட நார்ன் பனுவல். அந்த முதியவர் வாய் திறந்திராவிட்டால் அதுவும் போயிருக்கும்.

இங்கு 'அடித்தள மொழி' என்பதைப் பொருத்திப் பாருங்கள். அடித்தளம் என்றால் அதன்மேல் கட்டடம் நிற்கிறது. ஆனால் ஸ்காட்ஸ் மொழி நார்னின்மேல் எழுந்ததன்று; அது வட இங்கிலாந்தின் பழைய ஆங்கிலத்தில் பிறந்து, முழு மொழியாகவே தீவுகளுக்கு வந்து சேர்ந்தது. 'கீழ்மொழி' இன்னும் சிக்கலானது. பல நூற்றாண்டுகள் ஆட்சியிலும் சட்டத்திலும் ஓங்கியிருந்த நார்ன் மொழியை அப்படி அழைத்தால், படிப்பவர் அதைத் தாழ்வாகவே எடுத்துக்கொள்வார். இந்தோ-ஆரிய மொழிகளில் காணும் ட, ண போன்ற நாமடி ஒலிகளுக்குத் திராவிட மொழிகளின் தாக்கம் காரணமா என்று நாம் தமிழில் எழுதும் இடங்களில்தான் இக்கலைச்சொல் மிகுதியாகப் பயன்படப்போகிறது. அங்கு உயர்வு தாழ்வு தொனிக்கும் சொல் ஆய்வையே திசைதிருப்பிவிடும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது 'முன்படிவு'. படிவு என்பது தமிழ் நிலவியலில் ஏற்கெனவே வழங்கும் சொல். வண்டல்படிவு, சுண்ணாம்புப்படிவு என்று எழுதுகிறோம். முன் வந்ததா பின் வந்ததா என்ற காலவரிசையை மட்டுமே இது சொல்கிறது. தரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. படிந்து தங்கியது ஏதேனும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பரோயே தீவு மொழியறிஞர் யாக்கோப் யாக்கோப்சன் 1893 முதல் 1895 வரை ஷெட்லாந்தில் தங்கித் திரட்டிய நார்ன் வழிச் சொற்கள் ஏறத்தாழ 10,000. இவ்வளவு தங்கியிருப்பதால் நார்ன் ஐயத்துக்கிடமின்றி ஒரு முன்படிவு. பிக்ட் மொழியிலிருந்து ஒருசில தீவுப் பெயர்களைத் தவிர உறுதியாகச் சொல்லத்தக்கது ஏதும் எஞ்சவில்லை. அதை வெறுமனே 'முந்துமொழி' என்று அழைப்பதே நேர்மை. முன்படிவு எல்லாம் முந்துமொழி. முந்துமொழி எல்லாம் முன்படிவு ஆகாது. முன்மொழியப்பட்ட வேறெந்தச் சொல்லிலும் இந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லை.

இத்துடன், பக்கத்தில் வழங்கும் மொழியின் தாக்கத்தைக் குறிக்கும் 'ஆட்ஸ்ட்ரேட்டம்' என்பதற்கு 'இணைப்படிவு' என்றும், பின்னர் வந்து படிந்த மொழியைக் குறிக்கும் 'சூப்பர்ஸ்ட்ரேட்டம்' என்பதற்குப் 'பின்படிவு' என்றும் கொள்ளலாம். 1066-க்குப் பிறகு இங்கிலாந்தை ஆண்டவர்களின் பிரெஞ்சு பின்படிவு. பின்னர் வந்த அது, பேசியவர்கள் ஆங்கிலத்துக்கு மாறியபோது தன் சொற்களை அங்கே விட்டுச் சென்றது. வட இங்கிலாந்தில் டேனியரும் ஆங்கிலேயரும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்ந்தபோது 'ஸ்கை', 'எக்', 'தே' போன்ற நார்ஸ் சொற்கள் ஆங்கிலத்தில் ஏறியதை இணைப்படிவு எனலாம். இவற்றைப் பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை ஆர்க்னியிலேயே இருக்கிறது. தேவாலயத்தைக் குறிக்கும் 'கிர்க்' என்னும் சொல் ஸ்காட்ஸ் மொழிக்கு வட இங்கிலாந்து வழியாக, அதாவது இணைப்படிவாக, முன்பே வந்துவிட்டது. ஆர்க்னியின் தலைநகரான கிர்க்வால் நகரப் பெயரிலுள்ள 'கிர்க்' அந்தத் தீவிலேயே, அதாவது முன்படிவாக, பிறந்தது. 'கிர்க்யுவாகர்', அதாவது தேவாலய விரிகுடா, என்பதே அதன் பழைய நார்ஸ் வடிவம். அதன் ஈற்றுப்பகுதி பேச்சில் 'வா' என்று தேய்ந்தபோது, சுவரைக் குறிக்கும் சொல்லையும் அப்படியே ஒலிக்கும் ஸ்காட்ஸ் எழுத்தர்கள் அதைச் சுவர் என்று கொண்டு 'வால்' என எழுதிவிட்டார்கள். ஒரே சொல் இரு வழிகளில் வந்திருக்கும்போது, பொத்தாம்பொதுவாக 'நார்ஸ் தாக்கம்' என்று எழுதினால் வரலாறு மறைந்துபோகும்.

'படிவு' என்பது விண்ணப்பப் 'படிவம்' என்பதோடு குழம்பாதா என்ற கேள்வி எழலாம். வேற்றுமை ஏற்கும்போது படிவை, படிவத்தை என இரண்டும் தெளிவாகப் பிரிந்துவிடுகின்றன. முன்படிவுச் சொல், முன்படிவு ஒலி, முன்படிவுத் தாக்கம் எனத் தொகைகளும் இயல்பாக அமைகின்றன. தீராமல் நிற்பது ஒன்றுதான்: மொழியையும் அது விட்டுச்சென்ற தடத்தையும் ஒரே சொல்லால் சுட்டுவதா? மொழிக்கு 'முன்படிவு மொழி' என்றும், தடத்துக்கு 'முன்படிவு' என்றும் தனித்தனிப் பதிவுகளாகச் சேர்க்கலாம் என்பது என் எண்ணம். ஒலியியலில் பணியாற்றும் நண்பர்கள், ஷெட்லாந்துப் பேச்சில் 'தட்' (that), 'திஸ்' (this) ஆகியவை 'டாட்', 'டிஸ்' என ஒலிப்பதைப் போன்ற இடங்களில் இச்சொல் தடையின்றிப் பொருந்துகிறதா என்று தங்கள் வாக்கியங்களில் எழுதிப் பார்த்துத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்.