பெல் உதவித்தொகையில் மிஞ்சும் பணம் யாருக்கு உரியது?

கேள்வி (வெள்ளவத்தை):
அமெரிக்காவில் பிறந்து அந்நாட்டுக் குடியுரிமையுடன் கொழும்பில் வளர்ந்த என் மகள், இப்போது பெல் உதவித்தொகையில் (வசதி குறைந்த மாணவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் படிப்புப் பணம்) அங்கே கல்லூரியில் படிக்கிறாள். கட்டணம் போக, அவளது கல்லூரிக் கணக்கில் 640 டொலர் மிகுதியாகக் காட்டுகிறது. அதைக் கல்லூரி வைத்துக்கொள்ளுமா, அரசாங்கத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டுமா?

மறுமொழி (கொட்டாஞ்சேனை):
இரண்டுமில்லை, அம்மா, அது உங்கள் மகளின் பணம். கட்டணமும் விடுதிச் செலவும் கழிந்தபின் மிகுதி ஏற்பட்டால், பொதுவாக 14 நாட்களுக்குள் கல்லூரி அதை வங்கிக் கணக்கிலோ காசோலையாகவோ மாணவரிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்பது அந்நாட்டு மத்திய அரசின் விதி. அவள் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே பிடித்து வைக்கலாம். புத்தகம், வாடகை, பஸ் கட்டணம் என்று படிப்போடு சேர்ந்த செலவுகளுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நமது பல்கலைக்கழக மாணவர்களுக்கான மகாபொல புலமைப்பரிசிலைப் போல மாதாமாதம் வராமல் மொத்தமாகக் கைக்கு வருவதால், முதல் மாதத்திலேயே கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மறுமொழி (பம்பலப்பிட்டி):
மேலே சொன்னது சரி. ஆனால் பருவத்தின் 60 சதவீதம் முடியுமுன் எல்லாப் பாடங்களையும் விட்டு விலகினால், ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க நேரலாம். வாடகைக்கும் உணவுக்கும் செலவான தொகை அங்கே வரிக்குரிய வருமானமாகக் கணிக்கப்படுவதால், பாடப் புத்தகங்களுக்குச் செலவானதைத் தனியே காட்ட, புத்தகக் கடைப் பற்றுச்சீட்டுகளை அவள் பத்திரப்படுத்துவது நல்லது.